கழிவறைக் கதவில் தொங்கிய காலண்டர்

அம்மா அவுக்யாவின் சாவு அறிவிப்பு அட்டைகள் எண்பதும் ஐந்து மணித் தபாலுக்குப் போயாக வேண்டும். டவ்வா முகவரி எழுதினான். தங்கை ஹிஸ்கா தபால்தலை ஒட்டினாள். முகவரிப் புத்தகத்தில் பெயர்கள் இருந்தன. யார் என்ன உறவு என்பது அம்மாவுக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது. அதையும் மறதி நோய் எப்போதோ கொண்டுபோய்விட்டது.

"தீவுல இருக்கற வீட்ஸ்கா பெரியம்மாவுக்குக் கண்ணு தெரியாது. அட்டை அனுப்பி என்ன பண்றது? போன்தான் பண்ணணும்" என்றான் டவ்வா.

"நீ பண்ணேன்."

"லாரி ஓட்டறவன்டி நான். நான் சொன்னா சரக்கு வந்து எறங்கிடுச்சுன்னு சொல்ற மாதிரி இருக்கும். படிச்சவ நீ பேசு."

ஹிஸ்கா படித்தது வேதியியல். பால் ஆய்வகத்தில் கொழுப்பு அளக்கிற வேலை. பத்து வாக்கியம் பேசாமலே நாள் போய்விடும். பார்த்தே இராத பெரியம்மாவிடம் உங்கள் தங்கை இறந்துவிட்டாள் என்று எப்படி ஆரம்பிப்பது? எழுந்துபோய்க் கழிவறையில் தாழிட்டுக்கொண்டாள்.

கதவின் உட்பக்கம், அந்த ஊர் வீடுகளின் வழக்கப்படி, பிறந்தநாள் காலண்டர். வருடமோ கிழமையோ இல்லை; தேதிகளும் பெயர்களும் மட்டும். இறந்தவர்களுக்குச் சின்னச் சிலுவை. அம்மாவுக்கும் ஒன்று போட வேண்டும் என்று கழற்றினாள். தாள்களின் பின்பக்கமெல்லாம் பென்சில் எழுத்தாக இருந்தது.

'யெல்ல: அத்தை மகன். முழங்கால் வலி. மனைவி பெயரைச் சொல்லாதே, பிரிந்துவிட்டார்கள்.'

'வீட்ஸ்கா: என் பெரியப்பா மகள். கப்பலில் சமைத்தவள். முதலில் பூனையை விசாரி.'

முப்பத்தாறு பேர். ஓரத்தில் தேதியும், பார்க்காமல் சொன்னதற்குத் தானே போட்டுக்கொண்ட மதிப்பெண்ணும்: 36க்கு 31. 36க்கு 30. முதல் தேதி, மருத்துவர் நோயின் பெயரைச் சொல்வதற்கு இரண்டு வருடம் முந்தையது.

அப்போதெல்லாம் அம்மா கழிவறைக்குள் போனால் அரை மணி நேரம் வரமாட்டாள். "குடியிருக்கவே போயிட்டியா?" என்று டவ்வா கதவைத் தட்டுவான். பிறந்தநாள் வீடுகளில் நாற்காலிகள் வட்டமாகக் கிடக்கும். அம்மா ஒவ்வொருவரிடமும் அவரவர் வலியை, அவரவர் வீட்டு ஒழுகலைச் சரியாக விசாரிப்பாள். அவுக்யாவின் ஞாபகசக்தி யாருக்கு வரும் என்பார்கள்.

பரீட்சைக்குப் படித்தவள் ஹிஸ்கா. ஆனால் இப்படிப் படித்ததில்லை. 22. 14. 9. ஒருமுறைகூட அம்மா மதிப்பெண்ணைக் கூட்டிப் போட்டுக்கொள்ளவில்லை. கடைசி எண் மூன்று. பக்கத்தில், 'நாளைக்கு மறுபடியும்.'

நவம்பர் தாளில் அவள் பெயரும் இருந்தது. 'ஹிஸ்கா: கடைக்குட்டி. தானாகப் பேசமாட்டாள். கேள், பிறகு காத்திரு.'

வெளியே வந்து காலண்டரை மேசைமேல் வைத்தாள். டவ்வா தன் பெயரைத் தேடிப் படித்தான். 'மூத்தவன். அதிகம் கேலி செய்தால் மனசு சரியில்லை என்று அர்த்தம்.' அவன் பேனாவை மூடினான். மிச்ச அட்டைகளுக்கும் அவனே தபால்தலை ஒட்டினான்.

ஹிஸ்கா தொலைபேசியை எடுத்தாள். நான்காவது மணியில் ஒரு கரகரப்புக் குரல்.

"யாரு?"

"பெரியம்மா... பூனை எப்படி இருக்கு?"

"தின்னுட்டுத் தூங்குது, மகாராணி. யாரது, எங்க அவுக்யா மாதிரி எடுத்ததும் பூனையைக் கேக்கறது?"

"அவங்க பொண்ணு. ஹிஸ்கா." மூச்சை இழுத்துக்கொண்டாள். "அம்மா செவ்வாக்கிழமை போயிட்டாங்க பெரியம்மா. தூக்கத்துலயே."

ஹிஸ்கா காத்திருந்தாள்.

"அவ என்னை மறந்துட்டாளோன்னு நெனச்சேன்டி. கடைசியா பேசினப்ப தடுமாறினா. ஆனா பூனையைக் கேட்டா."

"மறக்கக் கூடாதுன்னு எழுதி வச்சுப் படிச்சிருக்காங்க. உங்களையும்."

"படிச்சாளா?" கிழவி மூக்கை உறிஞ்சினாள். "பள்ளிக்கூடத்துல ஒரு பக்கம் படிக்க மாட்டாளே, கழுதை! அவங்கப்பா, அதான் உன் தாத்தா, அடிக்காத நாளில்ல. அவர் கதை தெரியுமா உனக்கு?"

"தெரியாது. சொல்லுங்க."

டவ்வா கடிகாரத்தைக் காட்டினான். மணி நாலே முக்கால். அவள் நீ போ என்று தலையை ஆட்டி, டிசம்பர் தாளைத் திருப்பி, மிச்சமிருந்த இடத்தில் எழுதப் பென்சிலை எடுத்தாள். அவன் அட்டைகளைப் பையில் வாரிக்கொண்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுத் தபால் பெட்டிக்கு நடந்தான்.