பித்தளைப் பலகையில் நான்கு வரி

முத்துலிங்கத்தாரின் கார் மல்லாவியில் ஒருநாளும் கொதித்ததில்லை. மாங்குளம் தாண்டி, பெரிய வீதியில் வேகம் பிடித்த பிறகுதான் கொதிக்கும். கராஜ் வைத்திருக்கும் கிருசாந்தன் வோட்டர் பம்பை மாற்றினான், றேடியேற்றரைக் கழற்றிக் கழுவினான். ஒவ்வொரு முறையும் தானே மாங்குளம் தாண்டி ஓட்டிப் பார்த்தான். சூடு காட்டும் ஊசி பாதியைத் தாண்டவில்லை. ஆனால் வீட்டுக்குப் போன கார் இரண்டு நாளில் திரும்பவும் புகைத்தது.

"உனக்கு வேலை தெரியாதெண்டு ஒத்துக்கொள்," என்றார் முத்துலிங்கத்தார்.

"என்ர கையில ஓடேக்க ஒண்டுமில்லையே சேர்."

"அப்ப எனக்கு ஓடத் தெரியாதெண்டு சொல்லுறியோ?"

அவர் மனைவி சுமித்திராவுக்குச் சிறுநீரகம் பழுது. கிழமைக்கு இரண்டு தரம் வவுனியாவில் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். கார் வழியில் நின்றதால் கடந்த முறை தவறிவிட்டது. இன்னொன்று தவறினால் தாங்கமாட்டா என்று டொக்டர் சொல்லியிருந்தார். கால் இரண்டும் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டுகிறதென்று அவா மூன்று இரவாகக் கதிரையில்தான் இருந்தா. வேறு வாகனம் பிடிப்பது தன் தகுதிக்குச் சரிவராது என்று முத்துலிங்கத்தார் முன்னமே முடிவெடுத்திருந்தார்.

"சனிக்கிழமை வவுனியாவுக்குப் போறம், நீயும் வா. உன்ர கண்ணால பார்."

"முன் சீற்றில இருந்து ஊசியைப் பாக்கட்டோ சேர்?"

"இந்த எண்ணெய்க் காற்சட்டையோடயோ? மோட்டார் சைக்கிளில பின்னால வா."

சனிக்கிழமை காலை கார் கராஜைக் கடந்ததும் கிருசாந்தன் பின்னால் போனான். கனகராயன்குளத்துக்குக் கிட்ட வெள்ளைப் புகை எழுந்தது. மணி ஒன்பது. பத்தரைக்கு சுமித்திரா இரத்தம் சுத்திகரிக்கும் மெசினில் இருக்கவேண்டும்.

கிருசாந்தன் இறங்கி ஓடிக் காரின் முன்பக்கம் வந்தவன் அப்படியே நின்றான். முகப்பை முழுதாக மூடிக்கொண்டு ஒரு பித்தளைப் பலகை. 'சி. முத்துலிங்கம். அகில இலங்கை சமாதான நீதவான். ஓய்வுநிலை அதிபர். ஆலய பரிபாலன சபைத் தலைவர்.' நான்கு வரி.

"சேர், இது என்ன?"

"வாசிக்கத் தெரியாதோ?"

"எப்ப பூட்டினது?"

"பங்குனியில."

"கார் கொதிக்கத் தொடங்கினது?"

அவர் வீதியைப் பார்த்தார். "அதுவும் பங்குனியிலதான். அதுக்கென்ன?"

"கராஜுக்கு வரேக்க இது இருக்கேல்லையே!"

"உங்கட எண்ணெய்க் கை படக்கூடாதெண்டு கழட்டி அலுமாரியில வைச்சிட்டு வாறனான்."

"காத்துப் போற வழியையெல்லோ அடைச்சு வைச்சிருக்கிறியள்! காத்துப் படாமல் றேடியேற்றர் எப்பிடிக் குளிரும்?"

"உன்ர பிழையை என்ர பட்டத்தில போடாதை. தண்ணியை ஊத்து, போவம்."

"இதோட வெளிக்கிட்டால் ஓமந்தை போகாது சேர்."

"ஆஸ்பத்திரிக் கேற்றில இருக்கிற காவல்காரன் எழும்பிறதே இதைக் கண்டுதான்!"

எஞ்சின் ஆறும்வரை அரைமணி நேரம் இதே கதை. தண்ணீர் ஊற்றிய பிறகும் அவர் பலகைக்கு முன்னால் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. ஒன்பதே முக்கால். பின்கதவு திறந்தது. சுமித்திரா கதவைப் பிடித்தபடி இறங்கினா. மூச்சுக்கு மூச்சு ஒரு சொல்லாகத்தான் வந்தது.

"தம்பி... ஸ்குரூ டிரைவரைத் தா."

"நீர் ஏன் இறங்கினனீர்?" என்றார் முத்துலிங்கத்தார்.

"வெளியில உங்கட பேர் போகுது. உள்ளுக்க நான் போறன். எது போய்ச் சேரோணும் எண்டு சொல்லுங்கோ."

அவா பலகைப்பக்கம் இரண்டடி வைத்தா. மூன்றாவது அடி வரவில்லை. பொனற்றில் கையை ஊன்றி அப்படியே குனிந்தா. கிருசாந்தன் ஓடிப்போய்த் தாங்கினான்.

முத்துலிங்கத்தார் அவன் சட்டைப்பையிலிருந்த ஸ்குரூ டிரைவரைப் பறித்தார். "நீ தொடாதை, கீறிப்போடுவாய்," என்றார் கிருசாந்தனிடம். குரலில் அதிகாரம் இருந்தது. கையில் இல்லை, மூன்றாவது திருகாணியில் ஸ்குரூ டிரைவர் மூன்று தரம் வழுக்கியது.

டிக்கி நிறையத் தண்ணீர்ப் போத்தல்கள். பின் சீற்றில் சுமித்திரா. ஆகவே பலகையை முன் சீற்றில் நிமிர்த்தி வைத்துப் சீற் பெல்ற்றும் போட்டுவிட்டார்.

புளியங்குளம் போனது. ஊசி பாதியில் நின்றது. ஓமந்தையிலும் பாதிதான். பின்னால் கேட்ட மூச்சுச் சத்தத்தை எண்ணிக்கொண்டே அவர் ஓட்டினார். பத்து இருபத்தேழுக்கு ஆஸ்பத்திரிக் கேற். அங்கே இருந்த காவல்காரன் பலகை இல்லாமலேயே எழும்பி, சக்கர நாற்காலியோடு ஓடிவந்தான்.

அவா மெசினில் ஏறினதாகத் தாதி வந்து சொன்னபிறகுதான் முத்துலிங்கத்தார் வெளியே கிடந்த வாங்கில் உட்கார்ந்தார். நாலு மணித்தியாலம் ஆகுமாம். மடியில் பலகை.

"ஒரு வரி மட்டும் எண்டால் காத்துப் போகுமோ?" என்றார், பின்னாலேயே வந்து பக்கத்தில் நின்ற கிருசாந்தனிடம்.

"ஒரு வரி எண்டால் போகும் சேர்."

அவர் ஒரு விரலால் நான்கு வரிகளையும் மேலிருந்து கீழாகத் தடவினார். பிறகு கீழிருந்து மேலாக. தாதி திரும்பி வந்து அவாவைக் கூட்டிப்போகலாம் என்றபோதும், எதை வெட்டுவதென்று அவரால் முடிவெடுக்க முடியவில்லை.