அரை சென்டி வரை பாஸ்

சட்டைக் கம்பெனியில் அவளுக்கு 'அரைசென்டி' என்றுதான் பெயர். தைத்து முடித்த சட்டை கடைசியாக வந்து விழுவது அவள் மேசையில். டேப்பை வைப்பாள். காலரோ கையோ அரை சென்டி வரை முன்னபின்ன இருந்தால் பாஸ், அதற்கு மேல் ஒரு நூல் கூடினாலும் திருப்பி அனுப்பிவிடுவாள். சூப்பர்வைசரே வந்து கெஞ்சினாலும் மசியமாட்டாள்.

நாளெல்லாம் அளப்பதே பிழைப்பான இந்த மகராசிக்கு மூன்றே மூன்று அளவு பிடிபடவில்லை என்றால் யார் நம்புவார்கள்? நாற்பத்தாறு, நாற்பத்திரண்டு, நாற்பத்தேழு. எல்லாம் மில்லிமீட்டர். எட்டு மாதத்தில் எடுத்த மூன்று ஸ்கேனில், அவள் கர்ப்பப்பையில் இருந்த நார்க்கட்டியின் அளவுகள்.

"வளராம இருந்தா பாத்துக்கலாம். வளந்தா ஆபரேஷன் பத்தி யோசிக்கணும்" என்று முதல் நாளே டாக்டரம்மா சொல்லி, மாத்திரையும் எழுதிக் கொடுத்திருந்தார். அரைசென்டிக்கு வயது முப்பத்தேழு, கல்யாணமாகி நாலு வருடம், இன்னும் குழந்தை இல்லை. கட்டியை எடுக்கப் போய்ப் பையையே எடுத்துவிட்டால்? அன்று பிடித்த பயம் அவளை விடவே இல்லை.

ஆளுக்கொரு வைத்தியம் கிளம்பியது. நட என்றான் புருஷன். பாலைத் தொடாதே என்றாள் பக்கத்து மேசைக்காரி. கூடவே இருக்கும் நாத்தனார் ஒரு பொடியை டப்பா நிறைய இடித்துக் கொண்டுவந்து, "இதைச் சாப்பிடறப்ப அந்த மாத்திரையெல்லாம் வேணாம்" என்றாள். எல்லாவற்றையும் ஒன்றாகச் செய்தாள் அரைசென்டி. இரண்டாவது ஸ்கேனில் நாற்பத்திரண்டு வந்ததும் மூன்று பேரும் தன்னால்தான் என்று மார்தட்டிக்கொண்டார்கள். அதுவரை விட்டு விட்டுப் போட்டுவந்த மாத்திரையை அரைசென்டி அடியோடு நிறுத்திவிட்டாள்.

அதன் பிறகு மாதாமாதம் உதிரப்போக்கு நிற்கவே பத்து நாள் ஆனது. தலை சுற்றியது. வாயைத் திறக்கவில்லை. கட்டிதான் குறைந்துவிட்டதே, இதைப் போய்ச் சொல்வானேன் என்று குழம்பிக்கொண்டே இருந்தாள். மூன்றாவது ஸ்கேனில் நாற்பத்தேழு. அந்த மூன்று பேரும் இப்போது அவளைத்தான் குறை சொன்னார்கள். "நீ ஒழுங்கா சாப்பிட்டிருக்கமாட்ட" என்றாள் நாத்தனார். அரைசென்டி குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

டாக்டரம்மா மூன்று ரிப்போர்ட்டையும் புரட்டினார்.

"மூணும் ஒரே இடத்துல எடுத்ததா?"

"இல்ல டாக்டர். எங்க சீக்கிரம் கிடைக்குதோ அங்க எடுத்தேன்."

"அளக்கற ஆள் மாறினா கொஞ்சம் முன்னபின்ன வரத்தான் செய்யும். இந்த அரை சென்டிய வெச்சு வளந்துச்சுன்னும் சொல்லமுடியாது, குறைஞ்சுச்சுன்னும் சொல்லமுடியாது."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாஸ் பண்ணவேண்டிய சட்டைக்கா இத்தனை அழுகை? கம்பெனியில் ஒரு சட்டையை இரண்டு பேர் அளந்தால் அவளே சத்தம் போடுவாள்.

"அப்ப வளருதா இல்லையா டாக்டர்?"

"தெரியல. அதை விடுங்க. நீங்க எப்படி இருக்கீங்க? எத்தனை நாள் போகுது? ஒரு நாளைக்கு எத்தனை நாப்கின் மாத்தறீங்க?"

கேட்டுக்கொண்டே அவர் அவளுடைய கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். வெளுத்துக் கிடந்தது. கீழே லேபில் ரத்தம் கொடுத்து வந்தாள். பன்னிரண்டாவது இருக்கவேண்டிய ஹீமோகுளோபின் ஏழு.

"கட்டியையே பாத்துக்கிட்டிருந்து ரத்தத்தை விட்டுட்டீங்களே! போக்கைக் குறைக்கவும் ரத்தம் ஊறவும்தானே மாத்திரை கொடுத்தேன்? இன்னைக்கே ஆரம்பிங்க, ரெண்டு வாரத்துல வந்து காட்டுங்க. மூணு மாசம் கழிச்சு ஒரே இடத்துல ஸ்கேன் எடுப்போம். கர்ப்பப்பைய எடுக்கணும்னு நான் சொல்லவே இல்லையே."

சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று தெரியாமலே வீடு வந்து சேர்ந்தாள். மூன்றாவது மாடிக் கைப்பிடியில் சாய்ந்து நின்ற நாத்தனார், கட்டடத்துக்கே கேட்கும்படி கத்தினாள்.

"என்னடி, கூடிச்சா குறைஞ்சுச்சா?"

"தெரியலையாம் அண்ணி."

"அதுகூடத் தெரியாம அவங்க என்ன டாக்டரு? சரி, மேல வா."

அரைசென்டி முதல் படியில் கால் வைத்தாள். எடுத்துவிட்டாள்.

"முடியல அண்ணி. ரெண்டு மாசமா உக்காந்து உக்காந்துதான் ஏறறேன். ரத்தம் ரொம்பப் போகுது."

செருப்புகூடப் போடாமல் தடதடவென்று இறங்கி வந்தாள் நாத்தனார். கடைசிப் படியில் நின்று அவள் முகத்தையே பார்த்தாள்.

"என்கிட்ட ஏண்டி சொல்லல?"

"நீங்க அளவைத்தான கேட்டீங்க."

நாத்தனார் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "உக்காரு இங்கேயே. மாத்திரை எங்க இருக்கு? நான் போய் எடுத்துட்டு வரேன்."

"அலமாரில, அண்ணி. உங்க பொடி டப்பாக்குப் பின்னால."