லோர்னா திறக்காத லிங்க்குகள்

திங்கள் காலை ஒன்பது மணியானால் போதும், குர்ட் ஹால்வர்சனின் மெயில் வந்து விழும். "இந்த வாரம் நாம் வாசிக்க வேண்டியவை." உள்ளே பத்து லிங்க். 'தரவு பேசுகிறது, நீங்கள் கேட்கிறீர்களா?', 'டேஷ்போர்டு போடுபவர்கள் செய்யும் ஏழு பிழைகள்'. இந்த ரகம்தான் எல்லாமே. மினியாபொலிஸில் ஒரு மளிகைக் கடை நிறுவனத்தின் தலைமை அலுவலகம் எங்களுடையது. எந்தக் கிளையில் எந்தத் தயிர் அதிகம் விற்கிறது என்று அலசி மேலிடத்துக்குப் படம் போட்டுக் காட்டும் ஐந்து பேர் நாங்கள். குர்ட் எங்கள் மேலாளர். தயிருக்கும் அந்தக் கட்டுரைகளுக்கும் ஒரு ஒட்டும் கிடையாது.

அந்த ஆள் ஒன்றையாவது படித்திருப்பாரா? ம்ஹூம். தலைப்பைப் பார்ப்பார், "ஆகா" என்பார், பட்டியலில் சேர்ப்பார். அதோடு விட்டாரா? யார் எத்தனை லிங்க் திறக்கிறார்கள் என்று திரையில் எண்ணிக் காட்டும் கணக்குப் பலகை, ஒரு டேஷ்போர்டு, வேண்டுமாம். வெட்கங்கெட்டு நான்தான் செய்து கொடுத்தேன். செய்த கையோடு, பத்து லிங்க்கையும் தானாகவே திறந்து மூடுகிற ஒரு புரோகிராமையும் எனக்காக எழுதிக்கொண்டேன். என் பெயருக்கு நேரே எந்த வாரமும் நூறு சதவீதம்.

எங்களில் உருப்படியாக வேலை தெரிந்தவள் லோர்னா பெட்ரிக் ஒருத்திதான். அவள் லிங்க்குகளைத் தொடவே மாட்டாள். என் புரோகிராம் சங்கதி அவளுக்குத் தெரியும். "உன்னை மாதிரி ஏமாத்தவும் வராது, அந்தக் குப்பையக் கிளறவும் முடியாது. எனக்கு வேலை கிடக்கு வெஸ், போ" என்பாள்.

பிப்ரவரியில், ஐவரில் ஒருவரை வேலையைவிட்டு அனுப்பச் சொல்லி மேலிடத்து உத்தரவு வந்தது. குர்ட் யோசிக்கவே இல்லை, நேரே அந்த டேஷ்போர்டைத் திறந்தார். லோர்னாவின் கணவர் டீனுக்குப் புற்றுநோய். சிகிச்சை பாதியில் இருந்தது. அதற்கான காப்பீடு அவள் வேலையோடு வந்தது, வேலை போனால் அதுவும் போகும். இது குர்ட்டுக்கும் நன்றாகவே தெரியும்.

லோர்னாவைக் கூப்பிட்டபோது, எண்களைக் காட்ட என்னையும் உட்காரவைத்தார்.

"உங்க மேல எனக்கு எந்தக் கோபமும் இல்ல லோர்னா. ஆனா நம்பர் பேசுதே! வாசிப்பு சைபர். அஞ்சு வாரமா பட்டியல்ல முதல்ல நிக்கிறது 'கிழட்டு ஆந்தை'ங்கிற பேர்ல ஒருத்தர் இன்டர்நெட்ல எழுதற பிளாக். என்ன மூளைங்க அந்த மனுஷனுக்கு! அதைக்கூட நீங்க திறக்கல."

லோர்னா சிரித்துவிட்டாள். "அந்த மனுஷன் நான்தான் குர்ட். ஞாயித்துக்கிழமைகள்ல உக்காந்து எழுதறேன். நான் எழுதினத நானே எதுக்குத் திறக்கணும்?"

போனை நீட்டிக் காட்டினாள். 'கிழட்டு ஆந்தை' பிளாக்குக்குள் அவள் பாதி எழுதிவைத்த அடுத்த கட்டுரை இருந்தது. குர்ட்டின் காது சிவந்தது. அப்பாடா, ஒழிந்தது சனியன் என்று நினைத்தேன்.

"அப்ப இன்னும் மோசம்," என்றார் அவர். "சொந்த எழுத்தையே திறக்காதவங்க, அடுத்தவங்க எழுதினதையா திறக்கப் போறீங்க?"

மனிதனா இவன்!

"சரி," என்றாள் லோர்னா. "கடைசியா நான் எழுதினதுல என்ன இருக்கு? ஒரே ஒரு வரி சொல்லுங்க. இப்பவே எந்திரிச்சுப் போயிடறேன்."

"அதை நான் நாலு தடவை திறந்திருக்கேன். வெஸ், காட்டுப்பா."

காட்டினேன். நாலுதான்.

அவள் என் பக்கம் திரும்பினாள். சிரிப்பெல்லாம் போயிருந்தது. "வெஸ், திறக்கிறது வேற, படிக்கிறது வேறன்னு நீயாவது இவருக்குச் சொல்லேன். டீனுக்கு இன்னும் ஆறு ஊசி பாக்கி இருக்குடா."

ஒரு வார்த்தைதான். சொன்னால், உன் நூறு எப்படி வந்தது என்று குர்ட் கேட்பார். என் வீட்டிலும் இரண்டு பிள்ளைகள்.

"எண்ணெல்லாம் சரியாத்தான் இருக்கு," என்றேன்.

குர்ட் காகிதத்தை நீட்டினார். அவள் கையெழுத்துப் போட்டாள், கோட்டை மாட்டிக்கொண்டாள். கதவருகே நின்று என்னைப் பார்த்தாள்.

"அவருக்குத் தெரியாது வெஸ். உனக்குத் தெரியும்."