அபராதம் கேட்டவர்

1

நான் செய்த ஒரு கஞ்சத்தனத்திலிருந்துதான் இந்தக் கதை பிறந்தது. அதை எந்த இடத்தில் ஒப்புக்கொள்வது என்று யோசித்தே சில தொடக்கங்களைக் கெடுத்துவிட்டேன்.

'அந்தக் காலத்தில் ரயிலில் ஈ ஏறினாலும் டிக்கெட் கேட்பார்கள்.' (அடித்துவிட்டேன். ஈயில் தொடங்கினால் துணுக்காகிவிடும்.)

'என் மாமனார் முப்பத்தாறு வருடம் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர், அவரைப் போய் நான்' (இதை முடிக்கத் துணிவு வரவில்லை.)

சரி, அவரிடமிருந்தே வருகிறேன்.

2

வேலை செய்த இடத்தில் மாமனாருக்கு 'எக்ஸ்ரே' என்று பெயர். சட்டைப் பையைப் பார்த்தே உள்ளே டிக்கெட் இருக்கிறதா என்று சொல்லிவிடுவாராம். அப்போதெல்லாம் நிலைய வாசலில் ஒருவர் பார்ப்பார், பெட்டியில் ஒருவர் பார்ப்பார், இறங்கிய இடத்தில் இன்னொருவர் வாங்கி வைத்துக்கொள்வார்.

அவர் தங்கையின் கல்யாணத்துக்கு முதல் நாள், மணமகன் வீட்டார் வந்த ரயிலில் இவருக்குத்தான் வேலை. (அன்றைக்குமா ஒருவர் வேலைக்குப் போவார் என்று நானும் கேட்டேன். கூட்டம் அதிகம் என்றார்.) மணமகனின் டிக்கெட் வேறு சட்டைப்பையில் வீட்டிலேயே தங்கிவிட்டது. இவர் அபராதம் கேட்டார். பெண் வீட்டாருக்கே அபராதம் கட்டுவதா என்று மணமகனின் அப்பா வீம்பு பிடித்தார். அடுத்த நிலையத்தில் மணமகனை இறக்கிவிட்டார் மாமனார்.

கல்யாணம் எப்படியோ நடந்தது. தங்கை இரண்டு வருடம் பேசவில்லை. அவள் கோபமும் நியாயம், தன் அபராதமும் நியாயம் என்பார்.

3

சென்ற மாதம், பார்வை மங்கத் தொடங்கியிருந்த அவரைக் கண் மருத்துவரிடம் அழைத்துப்போனேன். கிளம்பும்போதே டிக்கெட் எடுத்தாயிற்றா என்று கேட்டார். கைப்பேசியிலேயே எடுத்துவிட்டேன் என்றேன்.

எடுக்கவில்லை. எனக்கு சீசன் டிக்கெட் உண்டு; அவருக்கு எதற்குத் தண்டம் என்று விட்டுவிட்டேன். இப்போது யார் பார்க்கிறார்கள்? அந்த வழியில் ஒரு வருடமாக யாரும் என்னைக் கேட்டதில்லை. (முதல் பகுதியில் இதைத்தான் கஞ்சத்தனம் என்றேன். சரியான சொல் திருட்டு.)

அன்று பார்த்து ஒரு பெண் பரிசோதகர் வந்தார். சின்ன வயது, கையில் குட்டி இயந்திரம். மாமனார் சொந்தக்காரரைக் கண்டதுபோல நிமிர்ந்து உட்கார்ந்தார். நான் கைப்பேசியைத் தடவிக்கொண்டே இருந்தேன். இருவருக்குமே புரிந்துவிட்டது.

"பரவாயில்லைங்க ஐயா, உக்காருங்க" என்றார் அந்தப் பெண்.

மாமனார் அபராதம் போடச் சொன்னார். வயதானவர்களிடம் வாங்குவதில்லை என்றார் அவர். அப்படி விதி இருக்கிறதா என்று இவர் கேட்டார். விதியெல்லாம் இல்லை, மனசுதான் என்றார் அவர்.

"மனசு உங்களுதும்மா. ரயில் உங்களுது இல்லையே."

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிட்டார். மாமனார் அடுத்த நிலையத்தில் இறங்கினார். முழங்கால் வலியோடு வரிசையில் நின்று, நாங்கள் ஏறிய இடத்திலிருந்து இறங்கவேண்டிய இடம்வரை முழு டிக்கெட் வாங்கினார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. (திட்டியிருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும்.) அடுத்த ரயிலில் போய்ச் சேர்ந்தபோது மருத்துவர் கிளம்பிவிட்டிருந்தார். இனி இரண்டு மாதம் கழித்துத்தான் பார்க்க முடியுமாம்.

4

ஏன் பார்க்க முடியவில்லை என்று என் மனைவி கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"எனக்குத் தலை சுத்துச்சும்மா. நடுவுல இறங்கி உக்காந்துட்டோம்."

பணியில் ஒரு பொய் அறிக்கைகூட எழுதாதவர். மகளுக்காகச் சொன்னாரா, எனக்காகவா, தெரியவில்லை. அன்றிலிருந்து அவள் அவருக்கு உப்பைக் குறைத்துவிட்டாள், மாலை நடையை நிறுத்திவிட்டாள். அவரும் மறுபேச்சில்லாமல் சாப்பிடுகிறார்.

இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவளிடம் உண்மையைச் சொல்கிறேன். மகள் முன்னால் அவர் பொய்யராகிறார். மற்றதில் சொல்லவில்லை, அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவைப் பார்க்கிறார், பாதிக் கண்ணால்.

அடுத்த அறையில் அவள் துணி மடித்துக்கொண்டிருக்கிறாள். நான் எழுதுவதை முதலில் படிப்பவள் எப்போதும் அவள்தான். இந்த முறை மட்டும் உங்களிடம் முதலில் கொடுத்திருக்கிறேன். அவளிடம் கொடுப்பதும் கிழித்துப் போடுவதும் இனி உங்கள் பாடு.