பதினெட்டுத் தசம் ஏழு

பாக்கியரத்தினத்துக்குச் சொந்தமென்று சொல்ல லிங்கநகரில் ஒரு வீடும், புஷ்பவதி என்ற மனைவியும், ஒரு குளிரும் இருந்தன. வீடு சீதனமாக வந்தது. புஷ்பவதி வீட்டோடு வந்தவள். குளிர் ஒன்றுதான் அவர் தானாகச் சம்பாதித்தது.

1974 ஜனவரி பதினேழாம் திகதி காலை, திருகோணமலைத் துறைமுகத்தைப் பார்த்தபடி இருந்த ஒரு வானிலை அவதான நிலையத்தில், வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருந்த பாக்கியரத்தினம் குனிந்து, இரவின் ஆகக் கூடிய குளிரைப் பிடித்துவைக்கும் வெப்பமானியைப் பார்த்தார். 18.7, அதாவது பதினெட்டுத் தசம் ஏழு பாகை, என்று எழுதினார். அந்த நிலையத்தில் வேறெந்த வருடத்து ஜனவரி பதினேழும் அவ்வளவு குளிர்ந்ததில்லை. அன்றிலிருந்து அது அவருடைய ரெக்கோட். வாடைக்காற்றுக்கும் வானத்துக்கும் அதில் பங்கு கொடுக்க அவர் ஒருநாளும் சம்மதித்ததில்லை. குனிந்து பார்த்தது தவிரத் தான் வேறொன்றும் செய்யவில்லை என்பது அவருக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய? சிலருக்கு மகன் டொக்டர், சிலருக்குக் கந்தளாயில் வயல். அவருக்குப் பதினெட்டுத் தசம் ஏழு.

கலியாண வீட்டில் பந்திக்கு உட்கார்ந்தாலும் செத்த வீட்டில் பந்தலுக்குள் உட்கார்ந்தாலும், கதை எப்படியாவது குளிருக்கு வந்துசேரும். வராவிட்டால் அவர் கையைப் பிடித்துக் கூட்டிவருவார். நோர்வேயில் இருந்த மைத்துனன் குலசிங்கத்துக்கும் ரெலிபோனில் சொன்னார். “பதினெட்டோ அத்தான்? அதுக்கு இஞ்ச சனம் கடலிலை குளிக்கும்” என்று அவன் சிரித்தான். சிரித்ததோடு விடாமல், ஆள் மூலம் தடித்த பச்சைச் சுவெற்றர் ஒன்றையும் அனுப்பிவைத்தான். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூச் சர்க்கரை என்று பாக்கியரத்தினம் தன்னைத்தானே தேற்றிக்கொண்டு, சுவெற்றரை அலுமாரியில் பூட்டினார்.

வருடா வருடம் ஜனவரி பதினேழு அவருக்கு ஒரு சோதனை நாள். ரெக்கோட் உடைந்துவிடக் கூடாதென்று முதல்நாளே கோணேசருக்குத் தேங்காய் உடைப்பார். அன்று தனக்கு வேலைமுறை இல்லையென்றால் கடையிலிருந்து நிலையத்துக்கு ரெலிபோன் எடுத்து, குரலை மாற்றி, “இண்டைக்கு எவ்வளவு குளிர்?” என்று கேட்பார். பேப்பர்காரன்போல, கப்பல்காரன்போல, ஒருமுறை வெள்ளைக்காரன்போலவும் கேட்டார். பிற்காலத்தில் நிலையத்துக்கு இளைய உதவியாளராக வந்த கமலேஸ்வரி, “பாக்கியம் சேர், உங்கட ரெக்கோட் கிடக்கு, போய்ச் சாப்பிடுங்கோ” என்று ரிசீவரை வைத்துவிடுவாள்.

1998ஆம் ஆண்டு அவர் பென்சனுக்குப் போகவேண்டிய வருடம். அந்த ஜனவரி பதினேழு விடிந்தபோது பாயில் கிடந்த அவருக்கு மயிர் கூச்செறிந்தது. குசினிக்குள் போய்ப் பார்த்தால் நாய் அடுப்புச் சாம்பலுக்குள் சுருண்டு கிடந்தது. கடைசி நேரத்திலா கழுத்தறுப்பது என்று வானத்தைத் திட்டிக்கொண்டு அலுமாரியைத் திறந்தார்.

“இண்டைக்கு உங்களுக்கு வேலை இல்லையெல்லோ?” என்றாள் புஷ்பவதி.

“கமலேஸ்வரி சின்னப்பிள்ளை. சில நேரம் கூடக்குறைய வாசிச்சுப்போடும். நான் ஒருக்கால் எட்டிப் பாக்கோணும்.”

“பாத்து? கொதிதண்ணி ஊத்தப்போறியளோ?”

அந்த யோசனை அவருக்கும் வராமலில்லை. சுவெற்றரை மாட்டிக்கொண்டு சைக்கிளில் ஏறினார்.

இராணுவச் சோதனைச்சாவடியை அவர் காணுமுன்பே சாவடி அவரைக் கண்டுவிட்டது. மேலே சேட்டும் இடுப்பில் சாரமுமாகச் சனம் வரிசையில் நிற்கிறது. முன்பக்கம் புடைத்த பச்சைச் சுவெற்றரோடு ஒரு மனிதர் சைக்கிளை வேகமாக மிதித்துக்கொண்டு வருகிறார். யுத்தம் நடந்த அந்த வருடங்களில் உடுப்புக்குள் தடிப்பாக எதையாவது கட்டிக்கொண்டு வருவதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் இருந்தது. அதை ஆமியை விட வேகமாக விளங்கிக்கொண்டு வரிசை சிதறி ஓடியது. புடைத்திருந்தது புஷ்பவதியின் இடியப்பத்தால் வளர்ந்த வயிறு. அதைச் சொல்ல அவருக்கு யாரும் நேரம் கொடுக்கவில்லை.

துவக்குகள் நீண்டன. சைக்கிள் விழுந்தது. கையைத் தூக்கச் சொன்னார்கள், சுவெற்றரைக் கழற்றச் சொன்னார்கள், கையைத் தூக்கியபடியே கழற்றச் சொன்னார்கள். கடைசியில் ஓட்டை பெனியனோடு றோட்டின் நடுவில் நின்று நடுங்கினார். நடுக்கத்தில் குளிருக்கு எவ்வளவு பங்கு, பயத்துக்கு எவ்வளவு பங்கு என்று அளக்க அந்த இடத்தில் கருவி இல்லை.

இளம் அதிகாரி ஒருவன் வந்தான். மலைநாட்டில் நுவரெலியாப் பக்கத்து ஆள். திருகோணமலையில் எவனுக்கடா சுவெற்றர் என்று அவன் சிங்களத்தில் கேட்டது பாக்கியரத்தினத்துக்கு அரைகுறையாக விளங்கியது. அரசாங்க உத்தியோகத்தன் என்ற மிடுக்கோடு இங்கிலிஷில் பதில் சொல்லிவிடலாம் என்று நினைத்தார்.

“ஐ ஹாவ் எ ரெக்கோட், சேர்!”

அதிகாரியின் முகம் மாறியது. எந்தப் பொலிசில் குற்றப்பதிவு என்று கேட்டான்.

“நோ பொலிஸ், சேர். கவர்மென்ட் ரெக்கோட். சின்ஸ் செவன்ரி ஃபோர்!”

எழுபத்துநாலிலிருந்தே ரெக்கோட் உள்ள ஆள் என்று ஒருவன் மற்றவனுக்குச் சொல்ல, துவக்குகள் இன்னும் கிட்ட வந்தன. நுணலும் தன் வாயால் கெடும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. தமிழ் தெரிந்த பொலிஸ்காரர் ஜெமீலைக் கூப்பிட்டார்கள்.

“ஐயா, இனி இங்கிலிஷ் கதைக்காதீங்க,” என்றார் ஜெமீல் மெல்ல. “நான் கேக்கிறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. இவ்வளவு வேகமா எங்க போறீங்க?”

“குளிரைப் பாக்க.”

அதை அப்படியே மொழிபெயர்க்க முடியாதென்று ஜெமீல் விபரம் கேட்டார். பிறகு பாக்கியரத்தினம் எல்லாவற்றையும் சொன்னார். வெப்பமானி, பதினெட்டுத் தசம் ஏழு, இன்றைய குளிர், உடைந்துவிடுமோ என்ற பயம், மைத்துனன், சுவெற்றர். கலியாண வீடுகளில் கம்பீரமாக ஒலித்த கதை, பெனியனோடு சொல்லும்போது பைத்தியக்காரன் பிதற்றல்போல இருந்தது. சொல்லச் சொல்ல அவருக்கே வெட்கமாக வந்தது.

அதிகாரி முழுவதையும் கேட்டான். சிரிக்கவில்லை. சாவடியில் எவ்வளவு கவனமாகச் சோதிக்கிறார்கள் என்று பார்க்க, யாரோ இந்தக் கிழவனைத் தடித்த உடுப்போடு ஒத்திகைக்கு அனுப்பியிருக்கலாம் என்பது அவன் சந்தேகம். அதிகாரியின் முடிவை ஜெமீல் தமிழில் சொன்னார்.

“ஒபிஸுக்குப் போன் எடுத்துக் கேக்கட்டாம். இண்டைக்கு உங்கட ரெக்கோட் உடைஞ்சிருந்தா, குளிர் மெய், சுவெற்றரும் மெய், நீங்க போகலாம். உடையல்லண்டா முகாமுக்குக் கொண்டுபோய் விசாரிப்பாங்களாம்.”

முகாமுக்குப் போய்த் திரும்பாதவர்களின் பெயர்களை ஊரில் யாரும் உரத்துச் சொல்வதில்லை. பாக்கியரத்தினம் இருபத்துநாலு வருடமாக உடையக் கூடாது என்று கும்பிட்ட வாயால், “கோணேசப்பா, உடைச்சுவிடு, சுக்குநூறாய் உடைச்சுவிடு” என்று கும்பிட்டார். நேற்று வாங்கிய தேங்காய்க்கு என்ன கணக்கு என்று கோணேசரும் குழம்பியிருப்பார்.

சாவடியின் பின்னறையில் ரெலிபோன் இருந்தது. ஜெமீல் எண்ணைச் சுழற்றி, “பொலிஸில இருந்து கதைக்கிறன். இண்டைக்கு எவ்வளவு குளிர்?” என்று கேட்டார்.

“பாக்கியம் சேர், குரலை மாத்தாதையுங்கோ. இந்த வருசம் பொலிஸோ?” என்றாள் கமலேஸ்வரி.

ஜெமீல் ரிசீவரைப் பாக்கியரத்தினத்தின் காதில் வைத்து, தன் காதையும் அதில் ஒட்டிக்கொண்டார். இருவர் கன்னமும் உரசின.

“பிள்ளை, நான்தான். எவ்வளவு?”

“பயப்பிடாதையுங்கோ சேர். பதினெட்டுத் தசம் ஒன்பது. மயிரிழையிலை தப்பிட்டுது. உங்கட ரெக்கோட் பத்திரமாக் கிடக்கு!”

வாழ்க்கையில் அவர் கேட்க ஆசைப்பட்ட வசனம் அதுதான். கேட்டதும் அவருக்குக் கண் இருட்டியது.

“இல்லைப் பிள்ளை,” என்றார். குரல் உடைந்தது. “உடைஞ்சிருக்கோணும். திரும்ப ஒருக்காப் போய்ப் பார் அம்மா. உடைஞ்சிருக்கும். வடிவாப் பார்.”

கமலேஸ்வரி போனாளா, அப்படியே நின்றாளா என்று தெரியவில்லை. அதிகாரி வாசலில் நின்று மணிக்கூட்டைப் பார்த்தான்.

“ஓம் சேர்,” என்று குரல் வந்தது. இப்போது அதில் விளையாட்டு இல்லை. “நான் பிழையா வாசிச்சிட்டன். பதினெட்டுத் தசம் இரண்டு. உடைஞ்சு போச்சு சேர்.”

சாவடி ஆட்களில் இரண்டு எண்ணையும் கேட்டவர் ஜெமீல் ஒருவர்தான். ரிசீவரை வைத்தார். பாக்கியரத்தினத்தின் முகத்தைப் பார்த்தார். பிறகு அதிகாரியின் பக்கம் திரும்பி, இரண்டாவதை மட்டும் சொன்னார்.

அதிகாரி அப்போதுதான் சிரித்தான். தன் ஊரில் புல்லிலேயே பனி உறையும் என்று சொல்லி, சுவெற்றரை அவரிடம் தூக்கி எறிந்தான். போகலாம் என்று கை காட்டினான்.

நிலையத்தில் கமலேஸ்வரி கதிரையில் இருக்கமாட்டாமல் நின்றுகொண்டிருந்தாள். பாக்கியரத்தினம் நேரே போய்க் குனிந்து பார்த்தார். பதினெட்டுத் தசம் ஒன்பது. ரெக்கோட் உடையவில்லை.

“அந்தக் குரலிலை நீங்கள் ஒருநாளும் கதைச்சதில்லை, சேர்,” என்றாள் கமலேஸ்வரி. “ஆரோ பக்கத்திலை நிக்கினம் எண்டு விளங்கிச்சுது. என்னத்துக்கெண்டு விளங்கேல்லை. ஆனா நீங்கள் உங்கட ரெக்கோட்டை உடையச் சொல்லிக் கேக்கிறதெண்டால் அது உயிருக்காத்தான் இருக்குமெண்டு நினைச்சன்.”

அவர் அவளைக் கும்பிட்டார். அழுகையும் வந்தது. தன்னைவிட முப்பது வயது இளைய பிள்ளையின் முன்னால் அழுகிறோமே என்றுகூட அவர் கூச்சப்படவில்லை. அழுது முடிய அவள் உண்மையான எண்ணையே எழுதினாள். பொய்யை ரெலிபோனோடு விட்டுவிடுவதென்று இருவரும் பேசிக்கொண்டார்கள். ஆனால் ரெக்கோட் உடையவில்லை என்று வெளியே மூச்சுக் காட்டினால் ஆபத்து முதலில் கமலேஸ்வரிக்கு, பிறகு ஜெமீலுக்கு, கடைசியில்தான் தனக்கு என்பது வீட்டுக்குப் போகும் வழியில் அவருக்கு உறைத்தது.

மறுநாள் காலை சாவடி வரிசையில் கமலேஸ்வரிக்குப் பின்னால் நின்றார். அதிகாரி அவரைக் கண்டதும் கையைத் தட்டித் தன் ஆட்களைக் கூப்பிட்டான். ரெக்கோட் மாத்தயாவின், ரெக்கோட் ஐயாவின், கதையைக் கேட்க எல்லோருக்கும் ஆசையாம். உடைத்தது யாரென்றும் கேட்டான். ஜெமீல் மொழிபெயர்த்தார்.

வரிசையில் நின்றவர்களில் பாதிப்பேர் பாக்கியரத்தினத்தின் கதையைக் கலியாண வீடுகளில் கேட்டு அலுத்தவர்கள். அவர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

“உடைஞ்சு போச்சு, சேர்,” என்றார் உரத்த குரலில். “இந்தப் பிள்ளைதான் உடைச்சது. பதினெட்டுத் தசம் இரண்டு. இனி என்ரையை ஆரும் கணக்கெடுக்க மாட்டினம்.”

ஆமிக்காரர் சிரித்தார்கள், வரிசையும் சிரித்தது. வாழ்த்துகள் என்று அதிகாரி கமலேஸ்வரிக்குக் கைகொடுத்தான். அவள் தலையைக் குனிந்தபடி அதை வாங்கிக்கொண்டாள். அவள் உயிரோடு அந்தச் சாவடியைக் கடந்து போவதைப் பார்க்கப் பார்க்கப் பாக்கியரத்தினத்துக்கு நெஞ்சு குளிர்ந்தது. ஆனாலும் மனிதப் பிறவியல்லவா? யாருமே உடைக்காத தன் ரெக்கோட்டுக்காக வேறொருத்தி கைகுலுக்கிக்கொண்டு போகிறாளே என்று அவருக்குப் பொறாமை பற்றிக்கொண்டு வந்தது.