அறுபத்தொன்றாவது ஆள்

தம்பி அஃப்சலின் கல்யாண வலிமா விருந்தில் பெண்கள் பந்திக்கு எத்தனை பேரை அழைப்பது என்று கேட்டபோது, ஷாசியா சட்டென்று "அறுபது" என்றாள். சிதம்பரத்தில் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு டீச்சர். அவளை யார் எதிர்த்துப் பேசுவது?

அவர்கள் வீட்டில் சஹன் சாப்பாடு. பெரிய தாம்பாளத்தைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து ஒரே சோற்றில் கை வைப்பார்கள். ஐந்தாவது கை விழக் கூடாது. ஐந்து பேர் உட்காருவது முதுநகர்க்காரர் வழக்கம் என்று அத்தா ரஃபியுதீன் கேலி செய்வார். அம்மா சைதுன் பீவி முதுநகர்க்காரி. அறுபதை நாலால் வகுத்தால் பதினைந்து சஹன், மீதி இல்லை. அம்மாவுக்கு வாயெல்லாம் பல்.

அம்மாவுக்குத் தெரியாத ஒரு காரியத்தையும் ஷாசியா செய்திருந்தாள். பண்ருட்டியில் இருக்கும் பெரியம்மா கமருன்னிசாவைப் போனிலேயே விருந்துக்கு அழைத்துவிட்டாள்.

அக்காவும் தங்கையும் பேசி வருஷக்கணக்காகிறது. முதுநகரில் அவர்களுடைய தாயார் மௌத்தான அன்று நல்ல மழை. பெரியம்மா பஸ் கிடைக்காமல் வழியில் மாட்டிக்கொண்டாள். அவள் வரட்டும் என்று சைதுன் பீவி ஒரு வார்த்தை சொல்லவில்லை, அடக்கம் முடிந்துவிட்டது. தாய் முகத்தைக் கடைசியாகப் பார்க்க முடியாத கோபம் பெரியம்மாவுக்கு. அம்மாவுக்கோ கோபமே இல்லை, குற்ற உணர்வுதான். அதை மறைக்கத்தான் இத்தனை வீம்பு.

ஷாசியாவின் திட்டம் எளிது. அறுபத்தொன்று பிடிவாதக்கார எண். ஒன்றையும் தன்னையும் தவிர எதற்கும் மசியாது. நாலு நாலாக உட்காரவைத்தால் ஒருத்தி மிஞ்சுவாள். பண்ருட்டி பஸ்ஸில் கடைசியாக வந்து சேரும் பெரியம்மாதான் அந்த ஒருத்தி. விருந்தாளியைத் தனியே உட்காரவைத்தால் ஊர் சிரிக்கும். பரிமாறும் வீட்டுக்காரி பக்கத்தில் உட்கார்ந்தே ஆக வேண்டும். அம்மா எங்கே தப்புவது?

விருந்தன்று மதியம் பள்ளித் தோழி ஜான்சி போன் செய்தாள். "சின்னவனுக்கு ஜுரம் ஜாஸ்தியா இருக்குப்பா. வர முடியல, கோச்சிக்காத."

ஷாசியா போனை வைத்துவிட்டுக் கணக்குப் போட்டாள். ஒரு ஆள் குறைந்தால் மறுபடியும் அறுபது.

அப்படியே ஆயிற்று. பெரியம்மா தயங்கித் தயங்கிப் படியேறி வந்தாள். "இங்க ஒரு எடம் கெடக்கு, வாங்க" என்று யாரோ கூப்பிட, போய் உட்கார்ந்தாள். பதினைந்து சஹனும் நிரம்பிவிட்டன. அம்மா அக்காவைப் பார்த்தாள். பார்க்காதவள் போல தால்ச்சா வாளியோடு திரும்பிக்கொண்டாள். மீதியில்லாத கணக்கு ஷாசியாவுக்கு முதல் தடவையாகக் கசந்தது.

ஒவ்வொரு சஹனாக ஊற்றிக்கொண்டு வந்த அம்மா, அக்காவின் சஹனுக்கும் ஊற்றினாள். ஊற்றி முடித்தும் நகரவில்லை. பெரியம்மா தலை நிமிரவில்லை. அம்மா வாளியைக் கீழே வைத்தாள்.

"கொஞ்சம் தள்ளி உக்காருக்கா."

"நாலு பேரு ஆயாச்சு. ஒங்க வூட்டுல நாலுதானே?"

"அது அவுங்க வூட்டு வழக்கம். நம்ம அம்மா வூட்டுல அஞ்சு பேருதானே உக்காருவோம்?"

பெரியம்மா முழங்காலை ஒதுக்கினாள். அம்மா உட்கார்ந்து சோற்றில் கை வைத்தாள். கை வாய்க்குப் போகவில்லை.

"அக்கா வரட்டும்னு அன்னிக்கு நான் சொல்லியிருக்கணும். தப்பு என்னுதுதான்க்கா."

பெரியம்மா தன் முன்னால் கிடந்த கறித் துண்டைத் தங்கை பக்கம் தள்ளிவிட்டாள். "சாப்புடு. ஆறிடப் போவுது."

கீழே கிடந்த வாளியை எடுத்துக்கொண்டு ஷாசியா அடுத்த சஹனுக்குப் போனாள். பந்தியில் இப்போது அறுபத்தொரு பேர் என்பது பாதி வழியில்தான் அவளுக்கு உறைத்தது. மிச்சம் என்று யாரும் இல்லை.