இரண்டு வரிகளுக்கு நடுவே

கருவாடு சுற்றுவதற்கென்று ஹிஸ்புல்லா முதலாளி வாங்கிப் போட்ட பழைய தாள் மூட்டையில் அந்தத் தடித்த புத்தகம் கிடந்தது. ஆறு நாவல்களைச் சுருக்கி ஒன்றாகக் கட்டியது. அட்டை போயிருந்தது. கிழிப்பதற்காக விரித்த ஹவ்வா, ‘பத்மா’ என்ற பெயரைக் கண்டதும் கையை நிறுத்தினாள்.

“முதலாளி, இத நான் எடுக்கவா?”

“எடு, எடு. இந்த வயசுல காதல் கதையா உனக்கு?” என்று அவர் சிரித்தார்.

ஹவ்வாவுக்குச் சிரிப்பு வரவில்லை. காலையிலிருந்து நின்ற கால்கள் கடுத்தன.

பத்மாவை அவள் மன்னாரில் பாதி வழியில் விட்டுவிட்டு வந்தவள். அது தொண்ணூறாம் ஆண்டு, அவளுக்குப் பதினைந்து வயது. வெள்ளத்தில் வீடிழந்த பத்மா, கைக்குழந்தையோடு தெரியாத ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கி, யார் கதவைத் தட்டுவதென்று நிற்கிறாள். அந்த இடத்தில்தான், முஸ்லிம்கள் எல்லாரும் ஊரை விட்டுப் போக வேண்டும் என்று இயக்கக்காரர்கள் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். வந்து வாசிக்கலாம் என்று அந்த முழு நாவலை அலுமாரிக்கு மேல் கவிழ்த்து வைத்தாள். படகு, கற்பிட்டிக் கரை, கிடுகுக் கொட்டில், உம்மாவின் மௌத்து, அடக்கம், கலியாணம், பிள்ளை என்று காலம் போனதே தவிர, வந்து வாசிக்கவே இல்லை. உடம்பு அலுத்துப்போகும் நாட்களில், பத்மா யார் கதவைத் தட்டியிருப்பாள் என்று நினைப்பாள். சும்மா ஒரு கதைதானே என்று தன்னையே ஏசிக்கொள்வதும் உண்டு.

புத்தளம் தில்லையடியில் இருக்கும் வீட்டுக்கு வந்தபோது கணவன் லாபிர் முற்றத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தான். மன்னாரில் திரும்பி வருகிறவர்களுக்கு வீடு கட்டிக் கொடுக்கிறார்கள். போவதா இல்லையா என்று நாளை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு அங்கிருக்கும் தன் மூத்த சகோதரர் காக்காவுக்கு அவன் சொல்ல வேண்டும். ஹவ்வா ஓம் என்றால் போவதென்று அவன் முடிவை அவள் தலையில் கட்டிவிட்டான். நல்ல மனுசன்தான். ஆனால் பாரத்தை இறக்கி வைக்க அவனுக்கு எப்போதும் அவள் தலைதான் அகப்படும்.

“என்ன சொல்ற?”

“போன மாசம் ஊருக்குப் போனமே, என்ன சொன்னாங்க? ‘புத்தளத்தாக்கள் வந்திரிக்காங்க’ண்டு. இஞ்ச என்னண்டா நாம இன்னும் அகதி.”

“அது வாய்ப் பேச்சு. நம்மட ஊருதானே.”

“ஸம்ஹாவுக்கு இதுதானே ஊரு.”

உள்ளே சத்தமாகப் பாடம் படித்துக்கொண்டிருந்த மகள் ஸம்ஹா படிப்பதை நிறுத்தினாள்.

“சுருக்கமாச் சொல்லு ஹவ்வா,” என்றான் லாபிர் களைத்த குரலில். “ஓமா, இல்லையா?”

அவள் குசினிக்குப் போய்க் கேத்தலை அடுப்பில் வைத்தாள். புத்தகத்தை விரித்தாள். பத்மா பஸ்ஸை விட்டு இறங்கினாள். ஹவ்வா அடுத்த வரிக்குப் போனாள்.

‘வருடங்கள் பல கழிந்தன. பத்மா ஊர் திரும்பினாள்.’

அவ்வளவுதான். யார் கதவைத் திறந்தது, யார் சோறு போட்டது, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோது எங்கே ஓடினாள், ஒன்றுமே இல்லை. ஹவ்வாவுக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. எவனோ ஒருவன் கத்தரிக்கோலோடு உட்கார்ந்து, தன்னுடைய ஆயுளைத்தான் தேவையில்லை என்று வெட்டிப் போட்டதுபோல் இருந்தது.

கேத்தல் கொதித்தது.

“ஹவ்வா,” என்று லாபிர் மறுபடி கூப்பிட்டான்.

“வாறன்.”

இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவில், முற்றுப்புள்ளியின் மேல் ஒரு மீன் செதில் ஒட்டியிருந்தது. அவள் கையிலிருந்து வந்ததாகத்தான் இருக்கும். நகத்தால் மெல்லச் சுரண்டினாள். செதிலோடு தாளும் பெயர்ந்து வந்தது. புள்ளி இருந்த இடத்தில் சின்னதாக ஓர் ஓட்டை. தாளைத் தூக்கிப் பிடித்தாள்; அதன் வழியே அடுப்பு வெளிச்சம் தெரிந்தது.